ஓடும் நிரலை நிறுத்துவது யார்?

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அதை 4 மணி நேரத்தில் சுற்றி வருபவரின் சராசரி வேகம் மணிக்கு 3.5 கிலோமீட்டர் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவீர்கள். ஆனால் சி மொழி நிரலில் 14-ஐயும் 4-ஐயும் முழு எண்களாக அறிவித்து வகுத்தால், கணிப்பொறி 3 என்றே விடை தரும்!

பிழை வகுக்கும் வரியிலா, விடையை அச்சிடும் வரியிலா? இதைக் கண்டறிய உதவும் நிரலே டீபக்கர். 1986-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய ஜி.டி.பி. அவற்றுள் புகழ்பெற்றது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றில் அதை இயக்கலாம். வகுத்தல் முடிந்ததும் நிற்கும்படி டீபக்கரிடம் சொல்கிறோம். நிரல் அங்கே நிற்கிறது. விடை அப்போதே 3 ஆகியிருக்கிறது. ஆகவே, பிழை வகுத்தலில்தான்!

ஒரு நிரல் மற்றொரு நிரலை எவ்வாறு நிறுத்துகிறது? ஒன்றின் நினைவகத்தில் மற்றொன்று தலையிடாதபடி இயக்க அமைப்பு காவல் காக்கிறது அல்லவா? எனவே டீபக்கர், 'பீ-டிரேஸ்' என்னும் வசதியின் வழியாக இயக்க அமைப்பின் உதவியை நாடுகிறது. நிற்கவேண்டிய இடத்திலுள்ள பைட்டைப் பத்திரப்படுத்திவிட்டு, அங்கே 204 என்ற எண்ணை எழுதச் செய்கிறது. இன்டெல் வகைச் செயலிகளுக்கு இது 'நில்' என்னும் கட்டளை. பிறகு டீபக்கர் உறங்கிக் காத்திருக்கும்.

செயலி 204-ஐச் சந்தித்தவுடன் கட்டுப்பாடு இயக்க அமைப்பிடம் செல்கிறது. அது நிரலை நிறுத்தி, டீபக்கரை எழுப்பி, 1407 என்ற எண்ணை அளிக்கிறது. இதன் பொருள் என்ன?

1407 = (5 × 256) + 127

127 என்றால் 'நிரல் நின்றிருக்கிறது'. 5 என்பது நின்ற காரணத்தைக் கூறும் சமிக்ஞை எண். 'பொறியில் சிக்கியது' என்று பொருள்.

நிரல் தன்னைப் போன்ற மற்றொன்றைப் பிறப்பிப்பதையும் டீபக்கர் அறிய வேண்டும். அதற்கும் 5 மட்டுமே வந்தால் குழப்பம் அல்லவா? எனவே 2002-ல் வெளிவந்த லினக்ஸ் 2.5.46 பதிப்பில், நிகழ்ச்சி எண்ணை 65536-ஆல் பெருக்கிச் சேர்த்தனுப்பும் வசதி வந்தது. பிறப்பித்தலின் எண் 1. ஆகவே டீபக்கருக்குக் கிடைப்பது 66943.

செய்தியைப் படித்த டீபக்கர், பழைய பைட்டை மீண்டும் வைத்து, செயலியை ஒரு பைட் பின்னே நகர்த்தி, நிரலைத் தொடரச் செய்கிறது. நாமோ எண்களைத் தசம எண்களாக அறிவித்து 3.5-ஐப் பெறுகிறோம்.

மாணவர்களே! முழு எண் நிரலில் நேரத்தை 0 என்று கொடுத்தால் சமிக்ஞை எண் 8 பிறக்கும். அப்போது டீபக்கர் பெறும் எண் எது? கணக்கிட்டுப் பாருங்கள்.