பம்புத் தண்ணீரும் பச்சைக் குழந்தையும்

நாகரிகம் என்றதும் நம் கண்முன் வருவது விமானம், டெலிவிஷன், மிக்ஸி! தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் யாருக்காவது ஞாபகம் வருமோ? ஆனால் நகரத்தில் பெற்ற பிள்ளைகள் பிழைத்து வளர, அவை செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல.

1854-ஆம் வருஷ லண்டனைப் பாருங்கள். பேருக்குத்தான் சாம்ராஜ்யத்தின் தலைநகர். சோஹோ பகுதியில் வீட்டுக்கு வீடு மலக்குழி. பக்கத்திலேயே குடிதண்ணீர்க் கிணறு! பிராட் தெரு பம்புத் தண்ணீர் தனி ருசி என்று பெயர் வேறு. ஆகஸ்ட் 31 இரவு அங்கே காலரா பரவ ஆரம்பித்தது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று.

கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று பெரிய டாக்டர்களே நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்ற டாக்டருக்கோ தண்ணீர் மேல்தான் சந்தேகம். வீடு வீடாகப் போய் விசாரித்தார். அதே தெருவில் பீர் காய்ச்சும் ஆலைத் தொழிலாளிகள் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்கள் பம்புப் பக்கமே போவதில்லை, குடித்தது பீர்! ஆனால் தொலைவில், ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை அம்மாள் இறந்து போனாள். அந்த ருசிக்கு ஆசைப்பட்டு, பிராட் தெருத் தண்ணீரை வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறாள், பாவம். ஸ்னோ சொன்னதைக் கேட்டு, செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

கிணறு எப்படிக் கெட்டது? அதைக் கண்டுபிடித்தவர் ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார். ஸ்னோ சொன்னதை முதலில் நம்பாதவர் அவர்! மரணப் பதிவுகளைப் பார்த்தபோது, 40-ம் நம்பர் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை பேதி கண்டு இறந்தது தெரிந்தது. தாய், அழுக்குத் துணிகளை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரை மலக்குழியில் ஊற்றியிருக்கிறாள். குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை. குழியின் செங்கல் சுவர் இற்றுப்போய்க் கசிந்துகொண்டிருந்தது.

அந்தத் தாயை எப்படிக் குறை சொல்வது? "கைக்குழந்தை மலம்தானே, என்ன பண்ணப் போகிறது?" என்று நம்மிலும் பலர் நினைக்கிறோம். அதிலும் நோய்க்கிருமிகள் உண்டு. கக்கூசில் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகே பால் பாட்டிலையோ சாதத்தையோ தொடவேண்டும். குழந்தைக்குப் பேதி கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கொதித்து ஆறின நீரில் கலந்த ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பார்லிமெண்டுக்குள்ளேயே புகுந்தது. அப்புறம்தான் பாதாளச் சாக்கடைக்குப் பணம் வந்தது! அந்த வருஷமே ஸ்னோ காலமானார். ராபர்ட் காக் 1884-ல் நம் கல்கத்தாவின் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டதை அவர் பார்க்கவில்லை.

40-ம் நம்பர் வீட்டுக் கதை அத்துடன் முடியவில்லை. கைப்பிடியைக் கழற்றின அன்றே குழந்தையின் தகப்பனாரும் காலராவில் படுத்தார். மனைவி மறுபடி அதே குழியில்தான் வாளியைக் கவிழ்த்தாள். பதினோரு நாளில் அவரும் போய்விட்டார். ஆனால் இந்தத் தடவை அந்தக் கிணற்றுத் தண்ணீரை யாரும் இறைக்க முடியவில்லை.