மைனஸ் 40-ல டீசல் பிக்கப்பா, பெட்ரோல் பிக்கப்பா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம அலாஸ்காவுக்குப் போறோம். அந்த மாநிலத்தோட உள்பகுதியில ஃபேர்பேங்க்ஸ்னு ஒரு ஊர். அங்க ஆஃபீஸ், யுனிவர்சிட்டின்னு பல பார்க்கிங் இடங்கள்ல வரிசையா பிளக் பாயிண்ட் வச்சிருப்பாங்க. நிக்கிற வண்டிகளோட முன்பக்க கிரில்ல இருந்து ஒரு வயர் தொங்கும். புதுசா பார்க்கிறவங்க, "அடடா, ஊரு மொத்தமும் எலக்ட்ரிக் வண்டியா?"ன்னு கேப்பாங்க. கிடையாது. எல்லாம் பெட்ரோலும் டீசலும்தான். அந்த வயர் எஞ்சினைச் சூடு பண்றதுக்கு.

ஏன்னா அங்க குளிர்காலத்துல வெப்பநிலை மைனஸ் 40 வரைக்கும் இறங்கும். செல்சியஸா ஃபாரன்ஹீட்டான்னு கேக்க வேண்டாம். ரெண்டு அளவும் ஒண்ணாச் சேர்ற புள்ளி அதுதான். பக்கத்துல கனடாவோட யூகான் பகுதியில, ஸ்னாக்ங்கிற இடத்துல 1947 பிப்ரவரி 3 அன்னைக்கு மைனஸ் 63 டிகிரி பதிவாச்சு.

இந்த ஊர்கள்ல பிக்கப் ட்ரக் வச்சிருக்கிறது கெத்துக்காக மட்டும் இல்ல. ஃபேர்பேங்க்ஸைச் சுத்தி நிறைய வீடுகளுக்குக் குழாய்த் தண்ணியே கிடையாது. பிக்கப்ல டேங்க் வச்சுத்தான் தண்ணி எடுத்துட்டு வரணும். விறகும் அதுலதான் வரும். வடக்கே போற டால்டன் நெடுஞ்சாலையில கோல்ட்ஃபுட்டைத் தாண்டினா, டெட்ஹார்ஸ் வரைக்கும் சுமார் 386 கி.மீ. தூரத்துக்கு ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. அங்க எஞ்சின் நின்னா வண்டிக்குள்ள ஹீட்டரும் நின்னுடும். அப்புறம் அது உயிர்ப் பிரச்சினை.

அதனால வண்டி வாங்கும்போது எல்லாரும் யோசிக்கிற கேள்வி, "டீசலா, கேஸா?" அங்க 'கேஸ்'னா பெட்ரோல். நம்ம ஊர் சிலிண்டர் கேஸ்னு நினைச்சுடாதீங்க.

ரெண்டும் தீப்பிடிக்கிற விதமே வேற

பெட்ரோல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் இருக்கு. காத்தும் பெட்ரோல் ஆவியும் கலந்து நிக்கும்போது ஒரு தீப்பொறி விழும், பத்திக்கும். பெட்ரோல் சீக்கிரமா ஆவியாகிற பொருள். மைனஸ் 40-ஐ ஒட்டின குளிர்லகூட, பொறி பட்டா பத்திக்கிற அளவுக்கு அதுல இருந்து ஆவி வரும். டீசல் அந்த நிலைக்கு வர சாதாரணமா பிளஸ் 50 டிகிரிக்கு மேல வேணும்.

டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காத்தை மட்டும் உள்ள இழுத்து, சுமார் 16-ல ஒரு பங்கா அமுக்குவாங்க. சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடும்ல, அதே விஷயம்தான். அமுக்கின காத்து கொதிக்கிற சூட்டுக்கு வந்ததும் டீசலைப் பீய்ச்சுவாங்க. அது தானாப் பத்திக்கும்.

இங்க ஒரு கணக்கு இருக்கு. சூடு எங்கேயும் கசியலைன்னு வச்சுக்குவோம். 30 டிகிரி காத்தை அப்படி அமுக்கினா சுமார் 640 டிகிரிக்குப் போகும். மைனஸ் 40 காத்தை அமுக்கினா சுமார் 430-தான். அதாவது வெளிய இருந்த 70 டிகிரி வித்தியாசம், உள்ள 200 டிகிரிக்கு மேல ஆயிடுது. நிஜத்துல நிலைமை இன்னும் மோசம். ஐஸ் மாதிரி இருக்கிற இரும்புச் சுவர் பாதிச் சூட்டை உறிஞ்சிடும். எஞ்சின் மெதுவாச் சுத்துறதால அமுக்கின காத்தும் பிஸ்டன் ஓரமாக் கசியும். டீசல் பத்திக்கத் தேவையான சூடு கிடைக்கிறதே சந்தேகம் ஆயிடும்.

இதுக்காகத்தான் டீசல் எஞ்சின்ல க்ளோ பிளக் இருக்கு. நம்ம மெக்கானிக்குங்க இதை ஹீட்டர் பிளக்னு சொல்வாங்க. ஃபோர்டு, ஜிஎம் டீசல் பிக்கப்கள்ல சிலிண்டருக்கு ஒண்ணு. ராம் வண்டிகள்ல 2024 மாடல் வரைக்கும் வந்த கம்மின்ஸ் எஞ்சின் வேற வழியில போச்சு. உள்ள வர்ற காத்தையே ஒரு ஹீட்டர் கம்பிச் சட்டத்துல சூடு பண்ணி அனுப்புச்சு.

டீசலுக்குள்ள இருக்கிற மெழுகு

மார்கழிக் காலையில தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாப் பிடிச்சா ஒரு சொட்டு வராது, பார்த்திருப்பீங்க. டீசலுக்கும் அந்த வியாதி உண்டு. அதுல பாரஃபின்ங்கிற மெழுகு கலந்திருக்கு. சாதாரண டீசல் மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே மெழுகு பொடிப்பொடியாப் பிரிஞ்சு கலங்கலா மாறத் தொடங்கும். அந்தப் பொடி டீசல் ஃபில்டரை அடைச்சிடும். இன்னும் குளிர்ந்தா டேங்க்ல இருக்கிறது கூழாயிடும்.

டேங்க் நிறைய டீசல் இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு, ஆனா எஞ்சினுக்கு ஒரு சொட்டு போகல. பெட்ரோல்ல இந்தத் தொல்லை இல்ல. மைனஸ் 40-லயும் அது தண்ணி மாதிரி ஓடும்.

அதுக்காக வடக்குல டீசல் வண்டியே ஓடாதுன்னு இல்ல. அங்க குளிர்காலத்துல விக்கிற டீசலே வேற. நம்பர் 1 டீசல்னு சொல்வாங்க, கிட்டத்தட்ட மண்ணெண்ணெய் மாதிரி. மெழுகு ரொம்பக் கம்மி. லிட்டருக்குக் கிடைக்கிற சக்தியும் கொஞ்சம் கம்மி, அதனால மைலேஜ் குறையும். கனடாவில இதுக்குத் தேசியத் தரவிதியே இருக்கு. எந்தப் பகுதியில, எந்த அரை மாசத்துல, டீசல் எந்தக் குளிர் வரைக்கும் தாங்கணும்னு அதுல பட்டியல் போட்டிருக்காங்க.

சிக்கல் எப்போ வரும்னா, தெற்குல மிதமான குளிர்ல டேங்கை ஃபுல் பண்ணிட்டு, ரெண்டு நாள் ஓட்டி வடக்கே போறவங்களுக்கு. வண்டி அலாஸ்காவில இருக்கும், டேங்க்ல இருக்கிறது தெற்கத்தி டீசலா இருக்கும். உறையாம இருக்க ஊத்துற மருந்து கிடைக்குது. ஆனா அதை மெழுகு பிரியறதுக்கு முன்னாடியே ஊத்தணும். கூழான பிறகு ஊத்தினா பெரும்பாலும் பலன் இருக்காது.

இது நம்ம நாட்டுக்கும் புதுசு இல்ல. லடாக்ல குளிர்காலத்துல டீசல் உறையுதுன்னு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிட்டிருந்தாங்க. 2019 நவம்பர்ல இந்தியன் ஆயில் அங்க மைனஸ் 33 வரைக்கும் உறையாத குளிர்கால டீசலைக் கொண்டு வந்துச்சு.

பேட்டரியும் ஆயிலும் ரெண்டு பேருக்கும் எதிரி

குளிர்ல பேட்டரிக்குள்ள நடக்கிற ரசாயன வேலை மந்தமாயிடும். அதே நேரத்துல எஞ்சின் ஆயில் தேன் மாதிரி கெட்டியாயிடும். கொடுக்கிற கை தளர்ந்து போகும்போது கேக்கிற வேலை ஏறிடுது. டீசல் எஞ்சின் காத்தை இன்னும் கடினமா அமுக்கணும்ங்கிறதால அதுக்கு சுமை அதிகம். இதனாலதான் பெரிய டீசல் பிக்கப்கள்ல ரெண்டு பேட்டரி வச்சு வருது.

பேட்டரி மேல சிசிஏன்னு ஒரு எண் போட்டிருக்கும். மைனஸ் 18 டிகிரியில 30 செகண்ட் நேரத்துக்கு அந்த பேட்டரி எவ்வளவு கரண்ட் தள்ளும்ங்கிற கணக்கு அது. மைனஸ் 40-ல அவ்வளவும் கிடைக்கும்னு நம்பக் கூடாது.

ஆயில் டப்பாவில 15 டபிள்யூ-40னு பார்த்திருப்பீங்க. டபிள்யூன்னா வின்டர். 15 போட்ட ஆயில், எஞ்சினைச் சுத்தவிடுதான்னு மைனஸ் 20-ல சோதிக்கிறாங்க. பூஜ்யம் போட்ட ஆயிலுக்கு அதே சோதனை மைனஸ் 35-ல. வடக்குல டீசல் வச்சிருக்கிறவங்க இந்த ஒரு எண்ணைப் பார்த்து ஆயில் மாத்தினாலே பாதித் தலைவலி குறையும்.

பெட்ரோலுக்கும் குறை உண்டு

பெட்ரோல் எரியும்போது நீராவி வரும். அதுல கொஞ்சம் எஞ்சினோட அடிப்பகுதிக்கும் போகும். வண்டியைத் தினமும் அஞ்சு நிமிஷம் மட்டும் ஓட்டினா எஞ்சின் முழுசாச் சூடாகாது, ஈரம் வெளியேறாது. அது மூச்சுக்குழாயில ஐஸா உறைஞ்சு அடைச்சா, உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலையே பிதுக்கித் தள்ளிடும். டேங்க்ல சேர்ற தண்ணியும் உறைஞ்சு குழாயை அடைக்கும். அதனால டேங்கைப் பாதிக்குக் கீழ இறங்க விடாதீங்கன்னு அங்க சொல்வாங்க.

ஆனா மொத்தமாப் பார்த்தா, கொஞ்சம் அசால்ட்டா இருந்தாலும் பெட்ரோல் வண்டி மன்னிச்சிடும். டீசல் மன்னிக்காது.

அப்போ யாரு டீசல் வாங்குறா? ஏன்?

இழுக்கிறதுக்கு. ஃபோர்டோட 2023 சூப்பர் டியூட்டி வரிசையில, சக்தி வாய்ந்த 6.7 லிட்டர் டீசல் 1,600 நியூட்டன் மீட்டருக்கு மேல டார்க் கொடுக்குது. அதே வரிசையில 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொடுக்கிறது சுமார் 650. பின்னாடி பெரிய ட்ரெயிலரைக் கட்டிக்கிட்டு மலை ஏறணும்னா வித்தியாசம் கால் மிதிக்கும்போதே தெரியும். சுமையோட நெடுந்தூரம் போகும்போது டீசல் எரிபொருளையும் கம்மியாக் குடிக்கும்.

இதுக்கு விலை உண்டு. டீசல் எஞ்சின் வேணும்னா 10,000 டாலரை ஒட்டி கூடுதலாக் கொடுக்கணும். அப்புறம் டெஃப்ங்கிற யூரியா கரைசல். புகையில இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க இப்போ வர்ற டீசல் பிக்கப்கள்ல இதை ஊத்தணும். இது மைனஸ் 11-லயே உறைஞ்சிடும். அதுக்குன்னு டேங்க்லயே ஹீட்டர் வச்சிருக்காங்க. பழுதாகக்கூடிய பொருள் பட்டியல்ல இன்னொண்ணு சேர்ந்துச்சு. புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி வேற இருக்கு. அது நல்லா சூடாகி கரியை எரிச்சுச் சுத்தமாகணும். ஊருக்குள்ள குட்டிக் குட்டி தூரம் மட்டும் ஓட்டினா அது அடைச்சுக்கும்.

இன்னொரு விஷயம், வழியில மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு. சும்மா ஓடவிட்டா டீசல் எஞ்சின் எரிபொருளை ரொம்பக் கம்மியா எடுக்கும், அதனால ரொம்ப நேரம் ஓடும். ஆனா அதே காரணத்தால சூடும் கம்மி. மைனஸ் 40-ல டீசல் வண்டி நின்ன இடத்துல ஓடிட்டே இருந்தாலும் கேபின் சரியாச் சூடாகாது. கிரில்லை மூட ஒரு திரை போடுறது இதுக்காகத்தான். பெட்ரோல் எஞ்சின் சீக்கிரம் சூடு தரும், டேங்கும் சீக்கிரம் காலியாகும். எந்த வண்டியா இருந்தாலும் சைலன்சரைப் பனி மூடியிருக்கான்னு இறங்கிப் பாருங்க. மூடியிருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வந்துடும்.

முடிவு பிளக் பாயிண்ட்ல இருக்கு

ஆரம்பத்துல சொன்ன வயருக்கு வருவோம். அது பிளாக் ஹீட்டர். வட டகோட்டாவோட கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் இந்த மாதிரி ஹீட்டருக்கு 1949-ல காப்புரிமை வாங்கினார். எஞ்சினைச் சுத்தியிருக்கிற கூலன்ட்டைச் சூடாக்கும், ஆயிலும் கொஞ்சம் இளகும். பெட்ரோல் வண்டிக்கு சில நூறு வாட் போதும். பெரிய டீசலுக்கு 1,000 வாட்டை ஒட்டி வேணும். டைமர் வச்சு கிளம்புறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி ஆன் ஆகிற மாதிரி செஞ்சா கரண்ட் மிச்சம். எக்ஸ்டென்ஷன் வயர்கூட குளிர் தாங்குறதா இருக்கணும். சாதாரண வயர் குச்சி மாதிரி விறைச்சு வெடிச்சிடும்.

அதனால டீசலா பெட்ரோலான்னு யாராவது கேட்டா, எஞ்சினைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேக்கலாம். ராத்திரி வண்டி நிக்கிற இடத்துல பிளக் இருக்கா? வேலை செய்யிற இடத்துலயும் இருக்கா? வருஷத்துல எத்தனை நாள் நிஜமாவே பெரிய சுமை இழுப்பீங்க?

ரெண்டு இடத்துலயும் பிளக் இருக்கு, வாரம் முழுக்க சுமை இழுக்கிற பிழைப்புன்னா டீசல் கொடுத்த காசைத் திருப்பித் தரும். வீட்டுல இருந்து ஆஃபீஸ், கடை, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி டேங்க், ஆஃபீஸ்ல பிளக் கிடையாதுன்னா பெட்ரோல் வாங்குங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, எட்டு மணி நேரம் குளிர்ல நின்ன வண்டி கிளம்புமாங்கிறதுதான் அங்க பரீட்சை. பிளக் இல்லாத டீசல் அதுல தோத்துப் போறதுக்கு வாய்ப்பு அதிகம்.

குளிர்காலத்துல லடாக் பக்கம் டீசல் வண்டியில போற பிளான் இருக்கிறவங்க, லே போய் விசாரிச்சுக்கலாம்னு இருக்காதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே குளிர்கால டீசல் எந்த பங்க்ல கிடைக்கும்னு கேட்டு வச்சுக்கோங்க. கீழ நிரப்பின டேங்க் காலியாகிற மாதிரி கணக்குப் போட்டு மேல ஏறுங்க. உங்க அனுபவம் ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.