காசு சேருமட்டும் காலம் காத்திருக்காது

"காசு சேரட்டும், அப்பீல் போடலாம்." ஒருவர் தண்டனை பெற்று மறியலுக்குப் போன வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தோட்டை அடகு வைக்க ஒரு கிழமை, வெளியூரில் உள்ள சகோதரன் வந்துசேர இன்னும் சில நாள், நல்ல சட்டத்தரணியைத் தேட மேலும் சில நாள். எல்லாம் ஆயத்தமாகிப் போகும்போது, காலம் கடந்துவிட்டது என்ற பதில் கிடைக்கிறது. தீர்ப்பு சரியா பிழையா என்று எவரும் எடுத்துப் பார்க்கும் முன்னரே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை மேன்முறையீட்டுக்குத் தரும் காலம் 14 நாட்களே. தீர்ப்பளித்தது நீதவான் நீதிமன்றமாயினும் மேல் நீதிமன்றமாயினும் கணக்கு ஒன்றுதான். தீர்ப்புச் சொல்லப்பட்ட நாளையே முதலாம் நாளாக எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது.

பலர் அறியாத விடயம் ஒன்றுண்டு. நீதவானின் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டை மாகாண மேல் நீதிமன்றமும், மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரானதை மேன்முறையீட்டு நீதிமன்றமும் விசாரிக்கின்றன. ஆனால் மனுவைக் கொடுக்க வேண்டியது தீர்ப்பளித்த அதே நீதிமன்றத்தில்தான். அதற்காகக் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை.

இன்னொன்று, மறியலில் இருப்பவரும் தாமே மேன்முறையீடு செய்யலாம். மேல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் தம் மேன்முறையீட்டு விபரங்களை 14 நாட்களுக்குள் சிறைச்சாலை அத்தியட்சகரிடம் எழுத்திலோ வாய்மொழியாகவோ கொடுத்தால் போதும் என்று 331ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே முதல் தடவை பார்க்கப் போகும்போதே, "அப்பீல் கேட்டுச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். சட்டத்தரணியைப் பிறகும் ஒழுங்கு செய்யலாம்.

தீர்ப்பு விளங்காமலே நாட்களை இழப்போரும் உளர். மலையகத்தில் வழக்கு சிங்களத்தில் நடக்கும்போது இது நேரலாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி, நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை உண்டு. அதை அன்றே, அங்கேயே கேட்கவேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்னரும் யோசியுங்கள். ஒப்புக்கொண்டவரின் மேன்முறையீட்டு உரிமை பெரிதும் சுருங்கிவிடுகிறது.

காலம் தவறிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. மீளாய்வு மனு என்றொரு வழி உண்டு. அதற்குச் சட்டம் நாட்கணக்கு விதிக்கவில்லை. ஆயினும் அது உரிமையாகக் கிடைப்பதன்று; நீதிமன்றத்தின் தற்றுணிபு. விசேட காரணம் காட்டவேண்டும்; ஏன் தாமதம் என்பதற்கும் பதில் வேண்டும். ஆகவே ஒரு மாதம் தவறியவர் ஆறு மாதம் பொறுத்திருப்பது நட்டத்தையே பெருக்கும். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றவர் உயர் நீதிமன்றத்தில் விசேட அனுமதி கோருவதற்கு 6 வாரங்களே உள்ளன.

வசதியற்றோருக்கு உதவவே 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வழக்கு இலக்கத்தையும் தீர்ப்புத் திகதியையும் ஒரு துண்டில் குறித்துக்கொண்டு, அடகுக் கடைக்குப் போகும் முன்னர் அதன் அலுவலகத்துக்குப் போங்கள்.

எமது மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதில் செய்யக்கூடியது சிறிய காரியம்தான். ஊரில் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தால், அவர் வீட்டாரைக் கண்டு துக்கம் விசாரிப்பதோடு நில்லாது, "இன்று எத்தனையாம் நாள்?" என்றும் கேட்போம். மறுநாள் அந்தப் பெண்ணோடு பஸ் ஏற ஒருவராவது முன்வருவோம்.