மின்சார லொறி: வேகமாகப் போனால் நேரத்தோடு போய்ச் சேரலாமா?

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்த விடயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். பின் கரியரில் ஒரு மூட்டை நெல்லை வைத்து மெதுவாகப் போகும்போது மூட்டையின் பாரம்தான் காலுக்குத் தெரியும். அவசரப்பட்டு மிதித்தால் மூட்டையை விடக் காற்றுத்தான் கூடுதலாகக் களைக்கப் பண்ணும்.

2022இல் டீசலுக்காக லொறிகள் வரிசையில் காத்து நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டீசல் வேண்டாத லொறி என்றதும் விளைபொருளைச் சந்தைக்கு அனுப்புகிறவர்களுக்கு ஆவல் எழுவது இயல்பே. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் இத்தகைய லொறிகள் இப்போது ஓடுகின்றன. ஆகவே அங்குள்ள ஒரு வண்டியை வைத்தே கணக்கைப் பார்ப்போம்.

ஜேர்மனியில் மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனம் 2024ஆம் ஆண்டின் இறுதியில் 'ஈ-அக்ரோஸ் 600' என்ற லொறியைத் தொடர் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதன் பற்றறியில் ஏறக்குறைய 600 அலகு மின்சாரம் அடங்கும். வீட்டு மின்சாரச் சிட்டையில் நாம் காணும் அதே அலகுதான். ஒருமுறை மின்னேற்றினால், சரக்கோடு சேர்ந்து 40 தொன் எடையுடன் 500 கிலோமீற்றர் ஓடும் என்று நிறுவனம் கூறுகிறது. ஆனால் எந்த வேகத்தில்? விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சமதரையில் ஓடும் லொறியை இரண்டு விடயங்கள் தடுக்கின்றன. ஒன்று, பாரத்தினால் ரயர் நசிந்து உருளும்போது ஏற்படும் தடை. வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறுவதில்லை. மற்றது காற்று. இது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 80 கிலோமீற்றரில் இருந்து 90க்குப் போவது சிறிய மாற்றமாகத் தோன்றும்; காற்றின் தடையோ நூற்றுக்கு 27 வீதம் கூடிவிடும். உழவு இயந்திரப் பெட்டியில் பாரம் ஏற்றி ஊர் ஒழுங்கையில் போகிறவர் காற்றைப் பற்றி யோசிப்பதே இல்லை. அந்த வேகத்தில் யோசிக்கத் தேவையும் இல்லை.

ஜேர்மனியில் பார லொறிகளுக்கு நெடுஞ்சாலையில் 80தான் எல்லை. பிரான்சின் நெடுஞ்சாலைகளில் 90 வரை போகலாம். 360 கிலோமீற்றர் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 80இல் போனால் நாலரை மணித்தியாலம், 90இல் போனால் நான்கு மணித்தியாலம். மிச்சம் அரை மணித்தியாலம். மின்சாரம்? காற்று வீசாத நாள், மேடு பள்ளம் இல்லாத வீதி என்று வைத்து நாம் போட்ட கணக்கின்படி, 80இல் ஏறக்குறைய 404 அலகும், 90இல் 448 அலகும் செலவாகும். ஆக, அரை மணித்தியாலத்தின் விலை 44 அலகு.

இதையே 60இல் இருந்து 70க்கு மாறுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மிச்சமாவது 51 நிமிடம், கூடுதல் செலவு 33 அலகு மட்டுமே. வேகம் ஏற ஏற ஒவ்வொரு பத்துக் கிலோமீற்றரும் குறைந்த நேரத்தையே தருகிறது, கூடிய மின்சாரத்தைக் கேட்கிறது.

அந்த 44 அலகையும் மறுபடி பற்றறியில் ஏற்ற வேண்டும் அல்லவா? டீசல் லொறிக்கும் காற்று ஒன்றுதான். ஆனால் கூடுதலாகச் செலவான டீசலை ஓரிரு நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்பதால் சாரதிக்கு அது நேர இழப்பாகத் தெரிவதில்லை. மின்சார லொறிக்கோ எல்லாம் மின்னேற்றும் நிலையத்தைப் பொறுத்தது. 400 கிலோவாற் வலுவுள்ள நிலையம் என்றால் 44 அலகு ஏற ஏழு நிமிடம் போதும். வேகமாக வந்தவருக்கு இன்னும் 23 நிமிடம் இலாபம். 100 கிலோவாற் என்றால் 26 நிமிடம் போய்விடும். மிச்சம் நான்கே நிமிடம். 50 கிலோவாற் என்றால் 53 நிமிடம்! மெதுவாக வந்தவரே முந்திவிடுவார். ஆகவே 'மெதுவாகப் போவதே எப்போதும் நல்லது' என்று சொல்பவர்களும் முழுக்கச் சரியில்லை.

ஐரோப்பியச் சட்டம் இதில் ஓர் உதவி செய்கிறது. நாலரை மணித்தியாலம் ஓட்டிய சாரதி 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். 80இல் ஓடினால் சரியாக அந்த 360 கிலோமீற்றரில் ஓய்வு வரும். சாரதி சாப்பிடும் நேரத்தில் லொறியும் மின்னேறும். 400 கிலோவாற் வலு முழுமையாகக் கிடைத்தால் அந்த 45 நிமிடத்தில் 300 அலகு ஏறும். 100 கிலோவாற் என்றால் 75 அலகுதான்.

காற்று வீசும் நாளில் கணக்கு மாறும். 80இல் போகும் லொறிக்கு எதிரே மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று வீசினால், காற்றைப் பொறுத்தவரை லொறி 100இல் போகிறது. தடை நூற்றுக்கு 56 வீதம் கூடும். 80ஐ 90 ஆக்குவதை விட இது இரு மடங்கு கேடு. மழையும் ஏற்றமும் இதற்கு மேல்.

வழியில் பற்றறி இறங்கிவிட்டால் வேகத்தைக் குறைப்பது ஒன்றே சாரதியின் கையில் உள்ள வழி. 60 அலகு மீதி இருக்கிறது, அடுத்த நிலையம் 55 கிலோமீற்றரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90இல் போனால் 48ஆவது கிலோமீற்றரில் லொறி நின்றுவிடும். 60இல் போனால் 55 நிமிடத்தில் போய்ச் சேரலாம். பற்றறியில் ஒன்பது அலகு மிச்சமும் இருக்கும்.