தம்பி பார்த்துத்தான் போனான்

போன வருடம் நோன்புக்கு முந்திய மாதம், குர்ஆன் மத்ரஸா விட்டு வந்துகொண்டிருந்த என் தம்பியை எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள பிரதான வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் அடித்தது. அல்லாஹ்வின் உதவியால் கால் முறிவோடு போயிற்று. பிளாஸ்டர் போட்ட காலோடு கிடந்தவனைப் பார்க்க வந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஏன் மகன், பாத்துப் போகக் கூடாதா?" அவனும் ஒரே பதிலைத்தான் சொன்னான்: "நான் பாத்துத்தான் போனேன். அது தூரத்துல இருந்திச்சு." வாப்பா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. தரம் நான்கில் படிக்கும் பிள்ளை ஏச்சுக்குப் பயந்து ஏதோ சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

சில மாதங்களின் பின் எங்கள் உயிரியல் வகுப்பு எல்லவுக்குச் சுற்றுலா போனது. வெல்லவாய வீதியோரத்தில் இருக்கும் இராவணா நீர்வீழ்ச்சியில் இறங்கினோம். "தண்ணீரில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள், பிறகு பக்கத்துப் பாறையைப் பாருங்கள்" என்றார் டீச்சர். பார்த்தோம். பாறையும் அதிலிருந்த செடிகளும் மெல்ல மேலே ஏறத் தொடங்கின. ஒருத்தி பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

1834 இல் ரொபர்ட் அடம்ஸ் என்பவர் ஸ்கொட்லாந்திலுள்ள ஃபொயர்ஸ் நீர்வீழ்ச்சியில் இதையே கண்டு எழுதிவைத்தார். காரணம் எமது மூளையில் இருக்கிறது. கீழ்நோக்கிய அசைவுக்குத் துலங்கும் நரம்புக் கலங்கள் சில, மேல்நோக்கிய அசைவுக்குத் துலங்குபவை வேறு சில. அசையாத பாறையைப் பார்க்கும்போது இரண்டும் தராசுத் தட்டுகள்போல் சமமாக நிற்கும். ஒரு நிமிடம் தண்ணீரைப் பார்த்ததில் முதல் கூட்டம் களைத்துவிடுகிறது. மற்றத் தட்டு தாழ்கிறது. பாறை ஏறுகிறது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. செடி ஏறிக்கொண்டே இருந்தது, ஆனாலும் அதே இடத்தில்தான் இருந்தது. அசைவு உண்டு, இடமாற்றம் இல்லை. அப்படியானால் "எங்கே இருக்கிறது" என்பதும் "அசைகிறதா" என்பதும் மூளைக்கு இரண்டு தனித்தனி வேலைகளா?

ஆம் என்பதற்கு ஒரு பெண்ணின் நோய் சாட்சி. ஜேர்மனியின் மியூனிக் நகரில் யோசப் சீல் என்பவரும் அவரது சகாக்களும் 1983 இல் அவரைப் பற்றி எழுதினார்கள். பெயரை மறைத்து எல்.எம். என்று குறிப்பிட்டார்கள். இரத்தக் கட்டியால் மூளையின் பின்பகுதியில் இரு பக்கமும் பாதிக்கப்பட்ட அவருக்கு நிறம் தெரியும், முகம் தெரியும், வாசிக்கவும் முடியும். அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்த பனிக்கட்டி போல நிற்கும். நிரம்புவது தெரியாமல் வழிந்துவிடும். வீதியில் தூரத்தில் தெரிந்த கார், கடக்க முனையும்போது திடீரெனப் பக்கத்தில் நிற்கும். இடைப்பட்ட பயணம் அவருக்குக் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்குத் தம்பியின் குரல்தான் கேட்டது. "அது தூரத்துல இருந்திச்சு." அவன் இடத்தைப் பார்த்திருக்கிறான். அசைவைப் பார்க்கவில்லை.

அவனுக்கு எந்த நோயும் இல்லை. எம்மை நோக்கி நேரே வரும் பொருள் இடமோ வலமோ நகராது. விழித்திரையில் அதன் விம்பம் பெரிதாகும், அவ்வளவுதான். அதுவும் ஒரே சீராக அல்ல. தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் விம்பம் இரு மடங்காகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 80 மீற்றரிலிருந்து 40 மீற்றருக்கு வர 2.4 செக்கன். அடுத்த மடங்கு 1.2 செக்கனில். அதற்கடுத்தது 0.6 செக்கனில். மோட்டார் சைக்கிளின் அகலம் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் என்று வைத்தால், 80 மீற்றர் தூரத்தில் அது முழுநிலாவின் அகலத்தைவிடச் சற்றுத்தான் பெரிது. அவ்வளவு சிறிய ஒன்று பெரிதாவதை முதல் இரண்டு செக்கன்களில் கண்டுபிடிப்பது கடினம். லொறியென்றால் தெரிந்துவிடும். ஒரே வேகத்தில் வந்தாலும் சிறிய வாகனம் பிந்தித்தான் வரும் என்று பெரியவர்களே ஏமாறுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். லண்டன் பல்கலைக்கழகத்தின் ரோயல் ஹொலோவே கல்லூரி ஆய்வாளர்கள் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்தபோது, மணிக்கு 20 மைலுக்கு, அதாவது சுமார் 32 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் நெருங்கும் வாகனத்தை அவர்களால் நம்பகமாக உணர முடியவில்லை. எங்கள் வீதியில் 32 கிலோமீற்றரில் போகிறவர்கள் யார்? ரொட்டி விற்கும் த்ரீவீலர்காரரைத் தவிர எனக்கு யாரும் தெரியாது.

கொப்பியில் போட்ட இந்தக் கணக்கை வாப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாமி வந்து பழைய கேள்வியைத் தொடங்கியதும், "அவன் பாத்துத்தான் போயிருக்கான்" என்றார்.

எல்.எம். பிற்காலத்தில் வாகனச் சத்தம் கூடுவதை வைத்துத் தூரத்தை மதிப்பிடப் பழகினாராம். தம்பிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தூரம் கணக்குப் பார்க்காமல், வருவது எதுவானாலும் அது தாண்டிப் போகும்வரை நில் என்றும் சொல்லியிருக்கிறேன். இப்போது வீதியோரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, அது பெரிசாகுதா?" என்று கேட்கிறான்.