மனிதவளக் கட்டுரையா? பாடம் நம்ம மலையிலேயே இருக்கு!

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படிக்கிற பிள்ளைகளுக்கும், டிப்ளோமா வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கும் அடிக்கடி ஓர் ஒப்படை கிடைக்கிறது. “ஏதாவது ஒரு கைத்தொழிலை எடுத்து, அதன் மனிதவள முகாமைத்துவம் பற்றிக் கட்டுரை எழுதுக.” தலைப்பைப் பார்த்ததும் பல பிள்ளைகள் கொழும்பில் உள்ள வங்கியையோ, தாங்கள் உள்ளே போயே பார்க்காத ஆடைத் தொழிற்சாலையையோ எடுத்துக்கொள்கிறார்கள். டியூஷன் குறிப்பில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். அதே குறிப்பை இன்னும் நாற்பது பேர் எழுதியிருப்பார்கள். திருத்துகிற ஆசிரியருக்கு அது தெரியாமல் போகாது.

பெற்றோரே, பிள்ளைகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆட்களைச் சேர்ப்பது, வேலை பழக்குவது, வேலையை அளப்பது, சம்பளம் கொடுப்பது, குறை கேட்பது, ஓய்வு பெறும்போது கணக்கு முடிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் மனிதவள முகாமைத்துவம். இவ்வளவும் தினமும் நம் கண் முன்னே நடக்கிறது. இலங்கையில் வர்த்தகத் தேயிலை 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தொடங்கியது. அன்றிலிருந்து இந்தத் தொழில் ஆட்களின் கையை நம்பித்தான் நடக்கிறது. எனவே தேயிலைத் தொழிலையே எடுங்கள். எப்படித் திட்டமிடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: கேள்வியைப் பிரித்துப் பாருங்கள்

“விவரிக்க” என்றால் உள்ளதைச் சொன்னால் போதும். “விளக்குக” என்றால் ஏன், எப்படி என்றும் சொல்ல வேண்டும். “மதிப்பிடுக” என்றால் நல்லது கெட்டது இரண்டையும் நிறுத்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். கேள்வி மதிப்பிடச் சொல்லியிருக்க, வெறுமனே விவரித்து எழுதினால் எவ்வளவு நீளமாக எழுதினாலும் புள்ளி குறையும்.

இரண்டாம் படி: ஒரு கேள்வியை மட்டும் பிடியுங்கள்

“தேயிலைத் தொழிலில் மனிதவளம்” என்பது பெரிய மலை. ஒரே நாளில் முழு மலையையும் எடுக்க முடியுமா? ஒரு நிரையைப் பிடியுங்கள். உதாரணமாக, “சம்பளம் மட்டும் உயர்ந்தால் இளைஞர்கள் தோட்ட வேலையில் நிற்பார்களா?” என்று கேட்கலாம். “கிலோ கணக்கில் ஊக்குவிப்புக் கொடுப்பது கொழுந்தின் தரத்தைப் பாதிக்கிறதா?” என்றும் கேட்கலாம். கேள்வி சிறிதாக இருந்தால் பதில் ஆழமாக வரும்.

மூன்றாம் படி: புத்தகச் சொல்லையும் தோட்டச் சொல்லையும் பொருத்துங்கள்

ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் பாடநூல் சொல், மறுபக்கம் தோட்டத்தில் உள்ளது என்று எழுதுங்கள்.

ஆட்சேர்ப்பு: அன்று கங்காணிமார் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தார்கள். தொழிலாளியின் கடனை எழுதிய “துண்டு” இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது என்ற நிலை இருந்தது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று நிலைமை தலைகீழ். ஆள் போகாமல் தடுத்த தொழில், இப்போது ஆள் கிடைக்காமல் தேடுகிறது.

பயிற்சி: இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுக்கிற பழக்கம், கவ்வாத்து, மருந்து அடிக்கும்போது எடுக்க வேண்டிய பாதுகாப்பு.

செயலாற்றுகை மதிப்பீடு: மடுவத்தில் கொழுந்து நிறுப்பது, முழுப்பேர், அரைப்பேர் போடுவது.

வேதனம்: நாட்சம்பளம், மேலதிக கிலோவுக்கான காசு, ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம்.

நலன்புரி: பிள்ளைக் காம்பரா, மருந்து, வீடு, பிரசவ லீவு.

தொழில் உறவு: தலைவர், தொழிற்சங்கம், துரையோடு பேச்சுவார்த்தை, தொழில் திணைக்களம்.

இந்தத் தாள் தயாரானால் கட்டுரை பாதி முடிந்த மாதிரி.

நான்காம் படி: ஆதாரம் சேருங்கள்

“சம்பளம் போதாது” என்று எழுதினால் அது அபிப்பிராயம். கணக்குக் காட்டினால்தான் ஆதாரம். வீட்டில் உள்ள சம்பளச் சிட்டையை எடுத்துப் படியுங்கள். ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று நிர்ணயமானது. அந்தக் கணக்கில் ஒருவர் மாதம் 20 பேர் போட்டால் 27,000 ரூபா. சேமலாப நிதிக்குத் தொழிலாளி பங்கு 8 வீதம், அதாவது 2,160 ரூபா. மற்றக் கழிவுகளுக்கு முன் கையில் வருவது 24,840 ரூபா. கம்பனி தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 வீதம், 3,240 ரூபாவும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 810 ரூபாவும் கட்ட வேண்டும். ஆகவே கம்பனிக்கு ஆகும் செலவு 31,050 ரூபா.

ஒரே வேலைக்குத் தொழிலாளி பார்க்கிற தொகை வேறு, கம்பனி பார்க்கிற தொகை வேறு. சம்பளப் பேச்சுவார்த்தை ஏன் இழுபடுகிறது என்பதை விளக்க இது நல்ல இடம். சம்பளம் மாறிக்கொண்டே இருப்பதால், எழுதும்போது புதிய தொகையைப் பார்த்து ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

வரலாற்று ஆதாரமும் கொஞ்சம் வேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. 1992இல் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பல ஆண்டுகள் கூட்டு ஒப்பந்தம் மூலம் தீர்மானமான சம்பளம், 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபா என நிர்ணயமானது.

அடுத்தது ஆட்களிடம் கேட்பது. அம்மா, பெரியம்மா, மாமா, ஓய்வு பெற்ற தாத்தா, கங்காணி, முடிந்தால் வெளிக்கள உத்தியோகத்தர் ஐயா என்று நாலைந்து பேரிடம் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். “சம்பளம் எப்படி?” என்று கேட்டால் “பரவாயில்ல” என்றுதான் பதில் வரும். “போன மாசம் எத்தனை பேர் போட்டீங்க? மழை நாள்ல எத்தனை பேர் இல்லாமப் போச்சு?” என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் வரும்.

இங்கே ஒரு கவனம் அவசியம். சொன்னவரின் பெயரையோ, தோட்டத்தின் பெயரையோ, டிவிசன் பெயரையோ கட்டுரையில் போடாதீர்கள். “25 வருடம் கொழுந்து எடுத்த ஒரு பெண்” என்றால் போதும். உங்கள் ஒப்படையால் யாருடைய வேலைக்கும் வில்லங்கம் வரக்கூடாது. கேட்பதற்கு முன்பே, “இது பள்ளிக்கூட வேலைக்கு, உங்க பேரு வராது” என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: சொற்களைப் பங்கு போடுங்கள்

1000 சொல் கட்டுரை என்றால் இப்படிப் பிரிக்கலாம். அறிமுகம் 100. தொழிலின் பின்னணி 150. மூன்று விடயங்கள், ஒவ்வொன்றுக்கும் 180 ஆக 540. மதிப்பீடு 150. முடிவு 60. வரலாறு எழுத ஆசையாக இருக்கும். ஆனால் அதிலேயே பாதித் தாள் போய்விட்டால் கேள்விக்குப் பதில் எழுத இடம் இருக்காது.

ஒவ்வொரு பந்தியிலும் நான்கு விடயம் இருக்கட்டும்: சொல்ல வந்த கருத்து, அதற்கு ஆதாரம், அது ஏன் நடக்கிறது, அதனால் என்ன விளைவு. ஒரு மாதிரி:

“தோட்ட வேலையில் பதவி உயர்வுக்கான வழி குறுகியது. கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் கங்காணி வேலையில் பெரும்பாலும் ஆண்களே இருக்கிறார்கள். நீண்ட காலப் பழக்கமும், பெண்களுக்கு மேற்பார்வைப் பயிற்சி குறைவாகக் கிடைப்பதும் இதற்குக் காரணங்கள். 20 வருடம் வேலை செய்தாலும் அதே நிரையில்தான் நிற்க வேண்டும் என்று காணும் மகள், அம்மாவின் வேலைக்கு வர விரும்புவதில்லை.”

இதைப் பார்த்து எழுதாதீர்கள். அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆதாரத்தைப் போடுங்கள்.

ஆறாம் படி: இரண்டு பக்கமும் கேளுங்கள்

கட்டுரை என்பது மேடைப் பேச்சு அல்ல. துரைமாரைத் திட்டி எழுதினாலும் சரி, கம்பனியைப் புகழ்ந்து எழுதினாலும் சரி, புள்ளி கிடைக்காது. ஆள் பற்றாக்குறை நிர்வாகத்துக்கு உண்மையான பிரச்சினை. உழைப்புக்கு ஏற்ற மரியாதை கிடைக்காதது தொழிலாளிக்கு உண்மையான பிரச்சினை. ஆட்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள், அட்டை கடிக்கிற மலையில் கழிப்பறை வசதி உண்டா, சாப்பிட நிழல் உண்டா என்பதும் மனிதவள முகாமைத்துவத்தில் சேர்த்திதான். முடிவில் செய்யக்கூடிய ஒன்றிரண்டு ஆலோசனை சொல்லுங்கள். பத்து ஆலோசனை அடுக்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

“நமக்கு என்ன தெரியும், படிச்சவங்ககிட்ட கேளு” என்று பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள். இந்தப் பாடத்தில் உங்களுக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இல்லை. சம்பளச் சிட்டைகளைக் கிழித்துப் போடாமல் ஒரு கடித உறையில் சேர்த்து வையுங்கள். பிள்ளையின் ஒப்படைக்கும் உதவும், நாளைக்குச் சேமலாப நிதிக் கணக்குப் பார்க்கவும் உதவும். பிள்ளை கேட்டால் அரை மணித்தியாலம் உட்கார்ந்து பேசுங்கள். சிட்டையில் உள்ள ஒவ்வொரு கழிவும் என்னவென்று இருவரும் சேர்ந்து பாருங்கள். விளங்காத கழிவு ஏதும் இருந்தால் ஒபிசில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.