வண்டி ரேடியோவுக்குள் கை வைக்குமுன்...

விடியற்காலையில் பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி எடுக்கப் போகும் வண்டியானாலும் சரி, கீழமாசி வீதியில் பருப்பும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று லைனுக்குப் போகும் வண்டியானாலும் சரி, உள்ளே ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். கொடைக்கானல் பண்பலை 100.5 என்ற எண்ணை நம் டிரைவர்கள் தங்கள் வீட்டுக் கதவு எண்ணைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். ரேடியோப் பெட்டிக்குத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்டிய காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அந்தப் பெட்டி கெட்டால் பின்மூடியைக் கழற்றி, வால்வைத் தட்டிப் பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் இன்றைய வண்டி ரேடியோவிடம் செல்லாது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கடையில் உள்ள எலக்ட்ரானிக் தராசை எடுத்துக்கொள்வோம். அதற்கு முத்திரை உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை வைக்க வேண்டும். எடை சற்றுப் பிசகினாலும் நாம் உள்ளே கை வைப்பதில்லை. முத்திரையை உடைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். வண்டி ரேடியோவுக்கு அப்படி ஒரு முத்திரை இல்லாததால்தான் ஸ்குரூ டிரைவரும் லேப்டாப்பும் தாராளமாக உள்ளே போகின்றன. செல்போனில் பத்து நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, பென் டிரைவில் யாரோ கொடுத்த பைலை ஏற்றிக்கொண்டு, கம்பெனி செட்டின் புரோகிராமையே மாற்ற இறங்கிவிடுகிறார்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். ஆர்வத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வண்டி நின்றால் வியாபாரமும் நிற்கும்.

இந்த வேலைக்கு நம்மில் பலரை இழுத்து வருவது பேட்டரிதான். செகண்ட் ஹேண்டில் கார் வாங்குகிறோம். ஆறு மாதத்தில் பேட்டரி இறங்கிவிடுகிறது. புதிது மாற்றி, சாவியைத் திருப்பினால் ரேடியோ பாடாமல் 'கோடு' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. இது பழுது அல்ல. செட்டைத் திருடிக்கொண்டு போகிறவனுக்கு அது பயன்படக் கூடாது என்பதற்காகக் கம்பெனியார் வைத்த பூட்டு. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் தன்னைத் திருடிவிட்டார்கள் என்று செட் முடிவு செய்துகொள்கிறது. ஹோண்டா, போர்டு, வோக்ஸ்வேகன், பியட் போன்ற கம்பெனிகளின் பல மாடல்களில் இந்த ஏற்பாடு உண்டு. புதிய வண்டியுடன் ஒரு சிறு அட்டையில் கோடு எண்ணை எழுதித் தருவார்கள். முதல் சொந்தக்காரர் அதை எங்கேயோ வைத்திருப்பார். மூன்றாவது சொந்தக்காரரான நம்மிடம் ஆர்.சி. புத்தகம் வரும், அட்டை வராது.

நம் பக்கத்தில் இந்தத் தொல்லைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மறைமலைநகரில் தயாராகி 2010-இல் விற்பனைக்கு வந்த போர்டு பிகோ போன்ற வண்டிகள் இன்று பழைய கார் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. போர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. செவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு முன்பே, 2017-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்திய விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஷோரூம் பக்கத்தில் இல்லை என்றதும், 'நாமே பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

முதலில் செய்யும் தவறு, எண்களை ஊகித்து அழுத்துவது. நாலு இலக்கம்தானே, 0000-த்திலிருந்து போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் பத்தாயிரம் எண்கள் இருக்கின்றன. அதற்குள் செட் சும்மா இராது. சில மாடல்களில் இரண்டு மூன்று முறை தவறினாலே ஒரு மணி நேரம் செட்டை ஆன் செய்தபடியே காத்திருக்க வேண்டும். வேறு சிலவற்றில் பத்துப் பன்னிரண்டு தவறுக்குப் பிறகு முழுவதுமாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் சரியான எண்ணைக் கொண்டுவந்தாலும் ஏற்காது. இவ்வளவுக்கும் நேர்வழி எளிதானது. செட்டின் மேல் ஒரு சீரியல் எண் ஒட்டப்பட்டிருக்கும். சில செட்டுகளில் இன்ன பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் அந்த எண் திரையிலேயே தோன்றும். அந்த எண்ணையும், ஆர்.சி. புத்தகத்தையும், அடையாளச் சான்றையும் எடுத்துக்கொண்டு அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குப் போனால் உரிய கோடு எண்ணைப் பெறலாம். நம் பெயரில் ஆர்.சி. மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரிய சங்கதி.

கோடு எண் கிடைக்கவில்லை என்றதும் அடுத்த யோசனை, செட்டைப் பிரித்து உள்ளே உள்ள சிப்பைப் படிப்பது. பல பழைய செட்டுகளில் எட்டுக் கால் கொண்ட ஒரு சிறு நினைவுச் சிப்பில்தான் அந்த எண் பதிவாகியிருக்கும். அதைப் படிக்கும் கருவி மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் அதே சிப்பில் பாட்டுக்கும் கோடுக்கும் அப்பாற்பட்ட விவரங்களும் இருக்கக் கூடும்: எந்த மாடல் வண்டி, எந்த நாட்டு அலைவரிசை, ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன்கள் எவை என்பன போன்றவை. படிக்கும்போது ஒரு கால் நழுவித் தவறாக எழுதப்பட்டுவிட்டால் எல்லாமே கலைந்துபோகும். பழைய பதிவை முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளாமல் எழுத இறங்குகிறவரிடம் செட்டைக் கொடுக்காதீர்கள். நகல் எடுத்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கிறார் என்றால் வண்டியைத் திருப்பிக்கொள்வது நல்லது.

புதிய வண்டிகளின் டச் ஸ்கிரீன் செட்டில் சங்கதி வேறு. இங்கே கோடு பூட்டைவிட, புரோகிராமைப் புதுப்பிக்கும்போதுதான் ஆபத்து. பென் டிரைவிலிருந்து புதிய புரோகிராமை ஏற்றும்போது செட் தன் பழைய பேரேட்டை அழித்துவிட்டுப் புதிய பேரேட்டை எழுதுகிறது. பாதி எழுதிய நேரத்தில் மின்சாரம் போனால் பழைய கணக்கும் இல்லை, புதிய கணக்கும் இல்லை. சில செட்டுகள் தாமே மீண்டெழும். மற்றவை கறுப்புத் திரையோடு செங்கல் மாதிரி உட்கார்ந்துவிடும். மின்சாரம் ஏன் போகும் என்று கேட்கலாம். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்து, கதவைத் திறந்து போட்டு, உள்விளக்கையும் எரியவிட்டால் வயதான பேட்டரி அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து எஞ்சினைக் கிராங்க் செய்தால் மின்னழுத்தம் சட்டென்று விழும். அது போதும்.

சரியான பைலா என்பதும் முக்கியம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே ஆண்டு என்று இருந்தாலும் உள்ளே செட்டைச் செய்து தந்த துணைக் கம்பெனி வேறாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் பைல் மற்றொன்றுக்கு விஷம். வெளிச்சந்தையில் வாங்கி மாட்டும் ஆண்ட்ராய்டு செட்டுகளில் இது இன்னும் மோசம். அவற்றில் 'பேக்டரி செட்டிங்' என்று ரகசிய எண் போட்டுத் திறக்கும் ஒரு பகுதி உண்டு. அதில் வண்டியின் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்யாது, ரிவர்ஸ் கேமரா வராது, சாவியை எடுத்த பின்னும் செட் தூங்காமல் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இலங்கையில் நடப்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்கள் அதிகம். ஜப்பானில் எப்.எம். 76-இல் தொடங்குகிறது. பழைய ஜப்பான் செட்டுகள் 90-க்கு மேல் போகா. இலங்கையிலும் நம் நாட்டிலும் நிலையங்கள் 87.5 முதல் 108 வரை பரவியிருக்கின்றன. ஆகவே அங்குள்ளவர்கள் ஆண்டெனா வயரில் 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சிறு டப்பாவைச் சேர்க்கிறார்கள். வரும் அலையை அது குறிப்பிட்ட அளவு கீழே இறக்கித் தரும். 20 இறக்கும் டப்பா என்றால் நம் கொடைக்கானல் 100.5, செட்டில் 80.5 என்று தெரியும். எண் பொருந்தாது என்ற சிறு குறையோடு செட் பத்திரமாக இருக்கும். டப்பா வேண்டாம், செட்டின் நாட்டையே மாற்றிவிடுகிறேன் என்று புரோகிராமில் இறங்குகிறவர்கள்தான் கைச்சேதப்படுகிறார்கள். டொயோட்டாவின் சில ஜப்பான் செட்டுகளில் மேப் உள்ள எஸ்.டி. கார்டை உருவிவிட்டாலே செட் எழுந்திருக்காது. நாடு மாற்றுவதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அமெரிக்க அமைப்புக்கு மாற்றினால் செட் 100.1, 100.3, 100.5 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டும் தாவும். கொடைக்கானல் கிடைக்கும், மதுரை வானொலியின் 103.3-உம் கிடைக்கும், 106.4 கிடைக்காது. செட் பழுது என்று நினைத்து மறுபடி பிரிப்பார்கள்.

ரேடியோ கெட்டால் பாட்டுத்தானே போகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஷ் கம்பெனி 1986-இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற முறையில், வண்டியின் பல பாகங்கள் ஒரே இரட்டை வயரில் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. இன்று பல வண்டிகளில் ரேடியோவும் அந்தப் பேச்சில் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அதன் காட்சியும் கேமராப் படமும் பல வண்டிகளில் ரேடியோத் திரையில்தான் வருகின்றன. திரை செத்துப்போனால் மாசி வீதிச் சந்தில் சுமை ஏற்றிய வண்டியைக் கண்ணாடியை மட்டும் நம்பிப் பின்னால் எடுக்க வேண்டியதுதான்.

2015 ஜூலையில் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றைத் தொலைவில் இருந்தபடியே அதன் ரேடியோ அமைப்பின் வழியாகப் பிடித்தார்கள். ரேடியோவுக்குள் இருந்த ஒரு சிப்பின் புரோகிராமை மாற்றி எழுதியதுதான் அவர்கள் செய்த வேலை. பாட்டும் வைப்பரும் மட்டுமல்ல, நெடுஞ்சாலையில் எஞ்சின் விசை சக்கரத்துக்குப் போகாமல் செய்ய முடிந்தது. மெதுவாகப் போகும்போது பிரேக்கையும் செயலிழக்க வைக்க முடிந்தது. கம்பெனி 14 லட்சம் வண்டிகளுக்குத் திருத்தம் அறிவித்து, உரிமையாளர்களுக்குப் பென் டிரைவ் அனுப்பியது. அவர்கள் தெரிந்து செய்த வேலையை நம் ஊரில் தெரியாமல் செய்துவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. ரேடியோவிலிருந்து பிரேக் வரை பாதை இருக்கக் கூடும் என்பதைத்தான் சொல்கிறோம்.

யாருமே கை வைக்காமல் கெட்ட செட்டும் உண்டு. 2022 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கே.யு.ஓ.டபிள்யூ. என்ற நிலையம் பாட்டுடன் சேர்த்து அனுப்பிய படக் கோப்பின் பெயரில் வால் விடுபட்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ளத் தெரியாத 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்களில் சிலவற்றின் ரேடியோ, 94.9 என்ற அந்த ஒரே நிலையத்தில் சிக்கிக்கொண்டு, திரை அணைந்து அணைந்து எரிந்தது. மாற்றுப் பாகத்தின் விலை சுமார் 1,500 டாலர். கம்பெனியே இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. இதே கோளாறு சொந்தக்காரர் ஏற்றிய பைலால் வந்திருந்தால் அந்தத் தொகையை யார் கொடுப்பது?

நம் கேள்வியும் அதுதான். வாரண்டி உள்ள வண்டியில் வெளி பைலை ஏற்றினால், அந்தச் செட்டுக்கும் அதனால் கெட்ட பாகங்களுக்கும் வாரண்டியை மறுக்க இடமுண்டு. கம்பெனி செட்டைக் கழற்றி வேறு மாட்டினால், பாலிசியில் ஐ.எம்.டி. 24 என்ற பிரிவின் கீழ் அதன் மதிப்பைத் தெரிவித்துத் தனிப் பிரீமியம் கட்ட வேண்டும். பழைய மோட்டார் தாரிஃபில் இது மதிப்பில் 4 சதவீதம். தெரிவிக்காத செட் திருடுபோனால் கிளெய்ம் கேட்க முடியாது. வெட்டி ஒட்டிய வயரால் தீப்பிடித்தது என்று சர்வேயர் எழுதிவிட்டால் வண்டிக்கே சிக்கல் வரும். இன்னொன்று, காரில் கழற்றிய செட்டை வீணாக்குவானேன் என்று லாரியில் மாட்டுகிறார்கள். கார் 12 வோல்ட், பெரிய லாரிகள் 24 வோல்ட். சாவியைத் திருப்பியதும் புகை வரும்.

எதைத் தாராளமாகச் செய்யலாம்? நிலையங்களைப் பதிந்துகொள்வது, ஒலியளவு, நேரம், மொழி ஆகியவற்றை மாற்றுவது, செல்போனை இணைப்பது. வண்டிக் கம்பெனியே உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணுக்கு வெளியிடும் புதுப்பிப்பையும், அவர்கள் சொன்ன முறைப்படி நாமே ஏற்றலாம். நல்ல பேட்டரி, காலியான பென் டிரைவ், இடையில் சாவியைத் தொடாத பொறுமை ஆகியவை வேண்டும். லைன் புறப்படும் நாள் காலையில் அல்லாமல் கடை விடுமுறை நாளில் செய்வது உத்தமம். பேட்டரி மாற்றும்போது கோடு கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மெக்கானிக்கை வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய வண்டி பேசும்போது சாவி இரண்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ் என்று கேட்கிறோமே, அதோடு ரேடியோ கோடு அட்டையையும் கேளுங்கள். இல்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேட்டரி வயரை அவர்களைக் கொண்டே ஒரு முறை கழற்றி மாட்டச் சொல்லிப் பாருங்கள். விலை பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.